ஏலமலை ஏறிய அம்மாக்கள்



கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரம் என்றால், 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையையும் பென்னிகுவிக் துரையையும் சொல்லி முடித்துவிடுகிறோம். தண்ணீர் வந்தது, வயல் விளைந்தது, உண்மைதான். ஆனால் நிலமில்லாத வீடுகளில் அடுப்பு எரிந்தது யாரால்? மேற்கே மலையேறிய பெண்களால்.

என் அம்மாவும் அவர்களில் ஒருவர். விடியுமுன் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு ஜீப் ஏறுவார். கம்பம்மெட்டு வழியாக உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டம். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். நாள் பூராவும் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்கணும். எல்லாக் காயும் ஒரே சமயத்தில் விளையாது. அதே செடிக்கு மாதம் ஒரு தடவை போல மறுபடி வரணும். மழைக்காலமானால் காலெல்லாம் அட்டைக்கடி.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோட்டங்கள் கேரளத்தில் நின்றன, வீடுகள் நம் பக்கம் நின்றன. 1951-ம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண்கள் அதிகம் வேலை செய்யும் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. தினம் மலையேறி இறங்கும் தாய்க்கு அதனால் என்ன பயன்? கைப்பிள்ளை கீழே ஊரில் அல்லவா இருக்கிறது!

எங்கள் வீட்டுக் காப்பகம் என் அக்கா. ஐந்தாம் வகுப்போடு நின்றாள். என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பியது அவள்தான். நான் இக்கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்த வருடம் அவளும் அம்மாவோடு ஜீப் ஏறினாள்.

நம் ஏலக்காய் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்குப் போனது. பின்னாளில் ஏற்றுமதியில் அந்நாடு நம்மையே முந்தியது. அங்கே ஆல்ட்டா வெராபாஸ் மலைகளில் மாயா இன மக்கள் குடும்பம் குடும்பமாகக் காய் எடுக்கிறார்கள். அங்கும் ஒரு அக்கா இருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. எங்கள் வீட்டில் பங்கு போட இருந்தது படிப்பு ஒன்றுதான். அது முழுதும் எனக்கே வந்தது.

போன பொங்கலுக்கு, "உனக்குக் கோபமே வரலையாக்கா?" என்று கேட்டேன்.

"வந்துச்சுடா. யாருகிட்டக் காட்ட? நீயும் பிள்ளை, நானும் பிள்ளைதான" என்றாள்.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டு அம்மா, அப்பத்தா, அக்காமாரிடம் கேட்டு எழுதிவையுங்கள். நம் பள்ளத்தாக்குச் சரித்திரத்தில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.

— வரலாற்றுத் துறை முன்னாள் மாணவன்