பீட்டில்சின் தொடக்கக்கால ஒலிப்பதிவுகள்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழு புகழ்பெறுவதற்கு முன்னர், 1957 முதல் 1962 வரை நாடாவிலும் இசைத்தட்டிலும் பதிவான அதன் பாடல்கள் தொடக்கக்கால ஒலிப்பதிவுகள் எனப்படும். இவற்றுட் பல விற்பனையைக் கருதிப் பதியப்படாதவை. தனியாரின் ஆர்வத்தாலும் பேணுதலாலுமே எஞ்சியவை.

குழுவின் முன்னோடி, ஜான் லெனன் 1956இல் பள்ளித் தோழர்களுடன் தொடங்கிய குவாரிமென் ஆகும். கிதாருடன் சலவைப் பலகை, தேயிலைப் பெட்டி போன்ற வீட்டுப் பொருள்களையும் இசைக்கருவியாக்கும் ஸ்கிஃபிள் இசையை வாசித்த இக்குழு, 1957 ஜூலை 6 அன்று வுல்ட்டன் தேவாலய மண்டபத்தில் பாடியதைப் பார்வையாளர் ஒருவர் கிரண்டிக் நாடாப் பதிவுக் கருவியில் பதிந்தார். லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்ததும் அந்நாளிலேயே என்பதால் தனிச்சிறப்புப் பெற்ற அந்நாடாவை, 1994இல் சோதபீஸ் ஏலத்தில் இஎம்ஐ நிறுவனம் 78,500 பவுண்டுக்கு வாங்கியது.

மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் குழுவில் சேர்ந்த பின்னர், 1958இல் பெர்சி பிலிப்ஸ் என்பார் தம் வீட்டில் நடத்திய சிறு ஒலிப்பதிவுக்கூடத்தில் குழுவினர் கட்டணம் செலுத்தி இரு பாடல்களைப் பதிந்தனர். அவற்றுள் ஒன்று பட்டி ஹாலியின் பாடல். மற்றொன்று மெக்கார்ட்னியும் ஹாரிசனும் இயற்றியது. உலோகத் தகட்டின் மீதுள்ள மென்பூச்சில் நேரடியாக வரிப்பள்ளம் வெட்டப்படும் அசிடேட் தட்டு, சிலமுறை ஒலித்ததுமே தேயத் தொடங்குவது. அவ்வகையில் ஒரே படியாக அமைந்த இத்தட்டு பியானோ வாசித்த ஜான் டஃப் லோவிடம் இருந்து, 1981இல் மெக்கார்ட்னியின் கைக்கு வந்தது; 1995இல் 'ஆந்தாலஜி 1' தொகுப்பின் வழியே பொதுமக்களும் அதனைக் கேட்டனர்.

பீட்டில்ஸ் எனப் பெயர் மாறிய குழுவினர் 1961 ஜூனில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பாடகர் டோனி ஷெரிடனுக்குப் பின்னணி வாசித்ததே வணிக வெளியீட்டுக்கென அவர்கள் செய்த முதற்பதிவாகும். 'மை பானி' என்னும் அத்தட்டில் அவர்கள் பெயர் 'பீட் பிரதர்ஸ்' என அச்சிடப்பட்டது. 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா நிறுவனம் நடத்திய தேர்வில் 15 பாடல்களைப் பதிந்தும் குழு ஏற்கப்படவில்லை. எனினும் லெனன்-மெக்கார்ட்னி இயற்றிய மூன்று பாடல்கள் அவற்றுள் இருந்தமையால், பிறர் பாடல்களைப் பாடியோர் சொந்த ஆக்கத்திற்கு மாறிய நிலையை அப்பதிவு காட்டுகிறது.

அதே ஆண்டு டிசம்பரில், ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் வாசிப்புடன் குழு பாடியது எளிய வீட்டுக் கருவியில் பதிவாகி, 1977இல் வெளிவந்தது. ஒலித்தரம் தாழ்ந்த அந்நாடாவின் உரிமை குறித்து நெடுங்காலம் நீடித்த வழக்கில், 1998இல் ஹாரிசன் லண்டன் நீதிமன்றத்தில் சாட்சியளித்தபின், குழுவினரின் ஆப்பிள் நிறுவனத்திற்குச் சார்பாகத் தீர்வு ஏற்பட்டது.

ஒலிப்பதிவுக்கூடத்தின் திருத்தங்களுக்கு உட்படாத இப்பதிவுகள், மேடையில் அவர்கள் கொண்டிருந்த வேகத்தையும், அமெரிக்க ராக் அண்ட் ரோல் இசையிலிருந்து கற்றவற்றையும் நேரடியாக உணர்த்துவதால், பீட்டில்ஸ் இசையின் வளர்ச்சியை ஆராய்வோருக்கு இன்றியமையாத முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன.