பரங்குன்றத்துக் குடைவரை

திண்டுக்கல் என்னும் ஊர்க்குப் பெயர் தந்த பாறை, சமவெளியின் நடுவே திண்டு ஒன்று இட்டாற்போலக் கிடப்பது. அதன்மேல் 1605-ஆம் ஆண்டில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை எடுப்பித்தனர். பின்னர் ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் அதனை ஆண்டனர். 1790-இல் ஆங்கிலேயர் கைக்கொண்டனர். அம்மலையுச்சிக் கோயிலின் கருவறை நெடுங்காலம் வெறிதாயிருந்தது. போர்க்காலத்தே மூர்த்திகள் கீழே ஊர்க்கோயிலில் எழுந்தருளுவிக்கப் பெற்றனர் என்பது அவ்வூர் வழக்கு.

எழுந்தருளுவித்த மூர்த்தியைப் பெயர்த்துக் காத்தல் கூடும். மலையே மூர்த்தியாயின் யாது செய்வது? இவ்வினாவிற்கு விடை, திண்டுக்கல்லுக்குத் தெற்கே மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில் உள்ளது.

இது திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடியருளிய பாண்டிநாட்டுத் தலம். தூண்கள் செறிந்த மண்டபங்களைக் கடந்து, படிப்படியாக மேலேறிச் செல்வார்க்கு முடிவிற் புலப்படுவது கட்டிய கருவறையன்று. குன்றின் வயிற்றைக் குடைந்த குகையே. சிவபெருமானும் திருமாலும் எதிரெதிராக விளங்க, துர்க்கையும் முருகப்பெருமானும் கற்பக விநாயகரும் அப்பாறையிலேயே புடைப்புருவாக அமைந்துள்ளனர். முருகன் இங்கே தெய்வயானையை மணந்த கோலத்தினன். மலையிற் செதுக்கிய திருமேனியாதலின் அபிஷேகம் அவன் திருக்கை வேலுக்கே நிகழும். திருமேனிக்குப் புனுகு சாத்தப்பெறும்.

இக்குடைவரையின் காலத்தை ஆராய்வார்க்குக் கலியாண்டு 3874, அதாவது கி.பி. 773-ஐக் குறிக்கும் கல்வெட்டொன்று துணையாகும். பாண்டியன் மாறஞ்சடையனின் படைத்தலைவனாகிய சாத்தன் கணபதி திருக்கோயிலையும் திருக்குளத்தையும் திருத்தினான் என்றும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் செய்வித்தாள் என்றும் அது கூறும். திருத்தினான் என்றமையால், அதற்கு முன்னரே இங்குக் கோயில் இருந்தமை பெறப்படும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினராதலும் இதனை வலியுறுத்தும்.

ஆயிரம் ஆண்டு கழிந்து 1792-இல் நிகழ்ந்தது ஒன்றை மற்றொரு கல்வெட்டு உரைக்கின்றது. ஐரோப்பியப் படையொன்று ஊரைக் கைப்பற்றிக் கோயிற் கதவை உடைத்து உட்புக முற்பட்டது. இறைவனை எடுத்துக்கொண்டு ஓடுதற்கு இடமில்லை. அந்நிலையிற் குட்டி என்பான் ஒருவன் கோபுரத்தின்மீதேறிக் கீழே வீழ்ந்து உயிர் துறந்தான். அது கண்ட படை பின்வாங்கியது. ஊரார் அவன் குடிக்கு நிலம் வழங்கி, அதற்கு இரத்தக்காணிக்கை எனப் பெயரிட்டனர்.

படைத்தலைவனும் அவன் மனைவியும் பொருளாற் செய்த திருப்பணியைக் கல் அறிவிக்கின்றது. எளியவன் ஒருவன் உயிர் கொடுத்துக் காத்ததனையும் அவ்வாறே அறிவிக்கின்றது. அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. பரங்குன்றம் புகுவார் குகையுள் விளங்கும் பெருமானை வணங்குங்கால், அக்கோயிலைக் காத்தவனையும் நெஞ்சிற் கொள்ளுதல் கடனாம்.