கிற்றாரின் குரலும் தாங்குசட்டங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் புறவடிவத்தையே பெரிதும் நோக்குவர். கிற்றாரைப் பொறுத்தவரை இது போதாது. அதன் குரலைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானவை, மேற்பலகையின் உட்புறத்தே ஒட்டப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாதிருக்கும் தாங்குசட்டங்களாகும். அவை முரணான இரு பணிகளை ஆற்றவேண்டியுள்ளன. தந்திகளின் இழுவிசையினாற் பலகை வளையாது காத்தல் ஒன்று. அது தாராளமாக அதிர இடமளித்தல் மற்றொன்று. சட்டம் தடித்தாற் கருவி நிலைக்கும், ஒலி அடங்கும்; மெலிந்தால் ஒலி விரியும், கருவி நலியும். இம்முரண்பாட்டிற்கு வெவ்வேறு காலத்தவர் கண்ட தீர்வுகளே இக்கருவியின் அகவரலாறு எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியப் பட்டறைகள் பலவற்றிலே ஏணிப்படிகள் போன்று குறுக்காகச் சட்டங்களை ஒட்டும் முறையே வழங்கியது. ஸ்பெயினிலோ வேறொரு மரபு வளர்ந்தது. அங்கு பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்ட விசிறி அமைப்பை அந்தோனியோ டி தொறெஸ் (1817–1892) செம்மைப்படுத்தினார். 1862இல் அவர் முதுகையும் பக்கங்களையும் கடதாசிமட்டையினாற் செய்து, மேற்பலகையை மட்டும் வழக்கம்போல் மரத்தால் அமைத்து ஒரு கிற்றாரை உருவாக்கினார். குரலின் பிறப்பிடம் மேற்பலகையும் அதன் சட்டங்களுமே என்பதை மெய்ப்பிக்கும் முயற்சியாக அது கருதப்படுகின்றது. அக்கருவி இன்று பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

மூன்றாவது தீர்வு அமெரிக்காவிலே தோன்றியது. ஜேர்மனியின் மார்க்நொய்கிர்கன் நகரிற் பிறந்த கிறிஸ்ரியன் பிரெடெரிக் மார்ட்டின் 1833இல் நியூயோர்க்கிற் குடியேறி, பின்னர் பென்சில்வேனியாவின் நசரேத் ஊரிலே பட்டறை அமைத்தார். இரு சட்டங்கள் ஒலித்துளைக்குக் கீழே பெருக்கற்குறி போல ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அமைப்பை 1840களில் அவரது கருவிகளிற் காணலாம். அக்காலத்தில் அவற்றிற் பூட்டப்பட்டவை குடல் நரம்புகளே என்பது கவனிக்கத்தக்கது. 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோக் கண்காட்சியின் பின் பரவிய ஹவாய் இசைமோகம் உருக்குத் தந்திகளை வேண்டி நின்றபோது, அவற்றின் கூடிய இழுவிசையைத் தாங்க வல்லதாய் இவ்வமைப்பே விளங்கிற்று. ஒரு தேவைக்கெனப் பிறந்த அமைப்பு, எதிர்பாராத பிறிதொரு தேவைக்கு விடையாயிற்று.

1930களில் மார்ட்டின் நிறுவனத்தின் பெரிய உடலமைந்த ‘டிரெட்நோட்’ கிற்றார்களில் இச்சட்டங்கள் இடையிடையே குடைந்து மெலிவிக்கப்பட்டன. வெட்டுமிடமும் ஒலித்துளைக்கு மிக அண்மையில் இருந்தது. ஆழ்ந்த கீழ்ச்சுரமும் விரைந்தெழும் ஒலியும் அவற்றின் சிறப்புகள். ஆயின் இசைஞர் மேலும் தடித்த தந்திகளைப் பூட்டலாயினர், பலகைகள் புடைத்தன. பழுதுபார்க்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. எனவே 1930களின் இறுதியில் வெட்டுமிடம் பின்தள்ளப்பட்டது. 1944இன் பிற்பகுதியிற் குடைதலும் கைவிடப்பட்டது. கருவிகள் உறுதிபெற்றன, பழைய குரல் மாறிற்று.

போருக்கு முந்திய கருவிகளின் இனிமைக்கு அரிய மரங்களே காரணமென்பாரும் உளர். 1940களின் நடுப்பகுதியில் மேற்பலகை மரமும் மாறியமையால் இக்கூற்றை முற்றாக ஒதுக்குதல் இயலாது; மரத்தின் முதுமையும் கருதற்பாலது. எனினும் இசைஞரின் நாட்டம் குடைந்த சட்டங்களை விட்டு நீங்கவில்லை. 1976இல் அந்நிறுவனமே அவற்றை ‘எச்டி-28’ என்னும் கருவியில் மீண்டும் புகுத்தியது.

முப்பதாண்டுகளுக்கு மேலாக ஓர் ஒலி மறைந்திருந்தமைக்குக் கைத்திறனின் வீழ்ச்சி காரணமன்று. செய்முறை அறியப்பட்டே இருந்தது. நீடித்த உழைப்பா, நிறைந்த குரலா என்ற வினாவிற்கு அக்காலச் சந்தையும் பழுதுபார்ப்புச் செலவும் அளித்த விடையே அது. கலைக்கருவியின் வரலாறு கலைஞனின் செவியால் மட்டும் எழுதப்படுவதன்று என்பதை, கண்ணுக்குத் தெரியாத இச்சட்டங்கள் உணர்த்தி நிற்கின்றன.