ஷாங்காயில் இன்சுலின் தீர்ந்தபோது: ஈவா, விக்டர் சாக்சல் இணையரின் வரலாறு

'இன்சுலின்' என்னும் பெயர் தீவைக் குறிக்கும் 'இன்சுலா' என்ற இலத்தீன் சொல்லின் வழியாக வந்தது. 1869இல் ஜெர்மானிய மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்தினுள் தீவுகள் போலத் திட்டுத்திட்டாக அமைந்திருந்த செல்களை விவரித்தார். அத்திட்டுகள் சுரக்கும் பொருளுக்கு, அதை எவரும் பிரித்தெடுப்பதற்கு முன்பே இப்பெயர் முன்மொழியப்பட்டுவிட்டது. ஒரு நகரம் ஏறக்குறைய தீவாகவே மாறிப்போன காலத்தில், அங்கே இப்பொருள் தீர்ந்துபோனபோது நடந்தது மருத்துவ வரலாற்றின் அரிய அத்தியாயங்களுள் ஒன்று.

1921இல் பிராக் நகரில் பிறந்த ஈவாவும் அவருடைய கணவர் விக்டர் சாக்சலும், நாஜிகளிடமிருந்து தப்பி ஷாங்காய்க்கு வந்தவர்கள். விக்டர் நெசவுத் துறைப் பொறியாளர். உலகின் பெரும்பாலான துறைமுகங்கள் யூத அகதிகளுக்குக் கதவடைத்திருந்த நாளில், நுழைவனுமதி இல்லாமலேயே கரையிறங்க முடிந்த நகரம் ஷாங்காய். ஏறத்தாழ 20,000 யூதர்கள் அங்கே அடைக்கலம் புகுந்தனர். வந்து சில காலத்திற்குள் ஈவாவுக்கு நீரிழிவு கண்டறியப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டி இருந்தது. இன்று முதல் வகை என்று சொல்லப்படும், நாள்தோறும் இன்சுலின் செலுத்தியே தீர வேண்டிய நீரிழிவு அது.

1922க்கு முன் இந்நோய் கண்டவர்களுக்கு மருத்துவம் அளித்தது பட்டினி உணவை மட்டுமே. அதனால் இறப்பு சில காலம் தள்ளிப்போகும், அவ்வளவே. டொரன்டோவில் பான்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகியோரின் பணியால் அந்நிலை மாறியது. ஆனால் இன்சுலின் நோயை நீக்கும் மருந்தன்று. உண்ணும் அளவு, உழைக்கும் அளவு, ஊசியின் அளவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு நாளும் ஒத்திசைக்க வேண்டிய பொறுப்பை அது வீட்டுக்குள் கொண்டுவந்தது. அக்காலத்தில் வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி கிடையாது. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் சூடாக்கி, நீலம் பச்சையாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்த்தே முந்தைய சில மணி நேரங்களை ஊகித்தனர். இன்சுலின் குறைந்தால் உடல் தன் கொழுப்பையே எரித்து, இரத்தம் அமிலமாகி, மயக்கம் வரும். மிகுந்தால் சர்க்கரை சரிந்து நினைவு தப்பும். அந்நேரத்தில் இனிப்பை ஊட்ட அருகில் ஒருவர் இருப்பதே உயிருக்கும் இறப்புக்கும் இடையிலான வேறுபாடாக இருந்தது.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை ஷாங்காயின் பன்னாட்டுக் குடியிருப்பைக் கைப்பற்றியது. மருந்துக்கடைகள் மூடப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இன்சுலின் நின்றது. கள்ளச்சந்தையில் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. ஈவாவிடம் மீந்திருந்த குப்பிகள் எண்ணி முடிக்கக்கூடியவை.

இருவருக்கும் மருத்துவப் பயிற்சியோ வேதியியல் பயிற்சியோ இல்லை. பான்டிங்கும் பெஸ்ட்டும் விலங்குக் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்த முறையை விளக்கும் மருத்துவப் பாடநூல் ஒன்று கிடைத்தது. சீன வேதியியலாளர் ஒருவர் தம் ஆய்வகத்தில் இடமளித்தார். இறைச்சிக்காக வெட்டப்பட்ட எருமைகளின் கணையங்களைக் கொண்டு வேலை தொடங்கியது.

நூலில் படிப்பதற்கு எளிதாகத் தோன்றும் அம்முறையின் ஒவ்வொரு படியிலும் தவறு காத்திருந்தது. கணையம் இன்சுலினை மட்டும் சுரப்பதில்லை; புரதத்தைச் செரிக்கும் நொதிகளையும் சுரக்கிறது. இன்சுலினும் புரதமே. ஆகவே தாமதித்தால் கணையம் தன் இன்சுலினைத் தானே செரித்துவிடும். அதைத் தடுக்கவே குளிர்ச்சியும் அமிலம் கலந்த ஆல்கஹாலும். அதன்பின் வடிகட்டல், கொழுப்பு நீக்கல், செறிவூட்டல். இவ்வளவுக்குப் பின்னும் மாசு எஞ்சலாம். 1922 ஜனவரி 11 அன்று டொரன்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்ட சாறுகூட மாசு மிகுந்து பயனற்றுப் போனது. காலிப் அதைத் தூய்மைப்படுத்திய பின்னரே பலன் தெரிந்தது.

தூய்மையைவிடக் கடினமான கேள்வி வீரியம். ஒரு துளியில் எத்தனை அலகு என்று தெரியாத இன்சுலின் நஞ்சுக்குச் சமம். எனவே பட்டினியிட்ட முயல்களுக்குச் செலுத்தி, வீரியம் தெரிந்த பழைய இன்சுலினின் விளைவோடு ஒப்பிட்டனர். முயல்கள் சொல்லக்கூடியதைச் சொல்லி முடித்த பின், பழுப்பு நிறமாயிருந்த அந்தத் திரவத்தை ஏற்ற முதல் மனித உடல் ஈவாவுடையது. அது பலித்தது.

இவ்வரலாறு பெரும்பாலும் மனைவியைக் காத்த கணவனின் கதையாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. தயாரிப்பில் ஈவா உடனுழைத்தார். இறுதிச் சோதனையின் ஆபத்து முழுவதும் அவருடையது. விக்டரின் பெருமை நோயை மனைவியிடமிருந்து பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டதில் இல்லை. அந்நோயின் கணக்கைத் தானும் கற்றுக்கொண்டதில் இருக்கிறது.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1943இல் நாடற்ற அகதிகள் அனைவரும் ஹோங்கோவ் பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். உணவே அரிதான அந்நெருக்கடியில், கிடைத்த கணையமும் குறைவு, வடித்த இன்சுலினும் குறைவு. அதை ஒருவருக்கென்று பூட்டி வைத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்களோ பிற நோயாளிகளுக்கும் பகிர்ந்தளித்தனர். போர் முடியும்வரை 200க்கும் மேற்பட்டோர் அந்த இன்சுலினால் உயிர் தரித்தனர்.

போருக்குப் பின் இருவரும் அமெரிக்கா சென்றனர். அங்கே ஈவா நீரிழிவாளர்களுக்காக மேடைதோறும் பேசினார். விக்டரின் மறைவுக்குப் பின் சிலியில் குடியேறி, அங்கும் அப்பணியைத் தொடர்ந்து, 2002இல் தம் 81ஆம் வயதில் காலமானார். நோய் கண்டறியப்பட்ட பின் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்.

தமிழில் உதவிக்கும் துணை என்றே பெயர். உடன் வாழ்பவருக்கும் துணை என்றே பெயர். ஷாங்காயின் அந்த ஆய்வகத்தில் இவ்விரு பொருளையும் பிரித்தறிவது கடினமாக இருந்திருக்கும். நீரிழிவு புதிதாக நுழைந்த ஒரு வீட்டில் இன்று எருமைக் கணையத்தை வடிக்க வேண்டியதில்லை. ஊசியின் அளவையும், சர்க்கரை சரிவதன் அறிகுறிகளையும், இனிப்பு இருக்கும் இடத்தையும் இருவரும் அறிந்திருக்க வேண்டும். முடிவு யாருடைய உடலைப் பற்றியது என்பதையும் மறக்காதிருக்க வேண்டும்.