அடைக்கலம்: ஒரு பேராலயத்தின் வரலாறு



'அடைக்கலம்' என்னும் சொல்லைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை வழியாக நாம் அறிவோம். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதி அது. அச்சொல்லைத் தமிழ்க் கிறித்தவர்களும் தம் வழிபாட்டுச் சொல்லாக ஏற்றுக்கொண்டனர். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், அவ்வூரைத் திருக்காவலூர் எனப் போற்றினார்.

இறைவன் காப்பான், மீட்பான் என்பது கிறித்தவ நம்பிக்கை. அப்படியானால் நம்பியவருக்குத் துன்பம் நேராதா? மாணவர்கள் இவ்வினாவை எழுப்பும்போது, நம் நகரின் நடுவே நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் வரலாற்றையே நான் எடுத்துரைப்பேன்.

அங்கிருந்த முதல் ஆலயத்தை 1845 இலும் 1849 இலும் இடி தாக்கியது. 1852 இல் அது மூடப்பட்டது. இப்போதுள்ள கட்டடத்திற்கு 1856 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1862 இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. வடிவமைத்தவர் ரொனால்ட் மெக்பெர்சன். கட்டியவர்களோ இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து சுவருக்குப் பூசினர். 'மதராஸ் சுண்ணாம்பு' எனப்பட்ட அக்கலவை நம் முன்னோரின் கைத்திறன். தேக்காவை அடுத்த ஒரு பகுதியை அக்காலத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்ததையும், கம்போங் கப்போர் என்னும் மலாய்ப் பெயருக்கு அதுவே பொருள் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

தமக்கென வீடில்லாத அக்கைதிகள் எழுப்பிய கூரை, 1942 பிப்ரவரியில் பலருக்கு அடைக்கலமாயிற்று. குண்டுவீச்சில் காயமுற்றோருக்கான அவசர மருத்துவமனையாகப் பேராலயம் மாறியது. பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

அப்போது பேராயராக இருந்தவர் லியோனர்ட் வில்சன். 1943 இல் அவர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. சிறைக்குள் இருந்தோரே அதற்கு உதவினர் எனத் தவறாக ஐயுற்ற கெம்பித்தாய் படை, அக்டோபர் 10 ஆம் நாள் சாங்கி சிறையைச் சோதனையிட்டது. தொடர்ந்து விசாரிக்கப்பட்ட 57 பேருள் 15 பேர் மாண்டனர். பேராயரும் கொடிய சித்திரவதைக்கு ஆளானார்.

உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று வதைத்தோர் கேட்டனராம். கடவுள் காக்கவே செய்கிறார். வலியை நீக்கியல்ல, அதைத் தாங்கும் ஆற்றலைத் தந்தே காக்கிறார் என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். போருக்குப் பின், தம்மை வதைத்தவர்களுள் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் சடங்கை நிறைவேற்றினார்.

அவர் பிழைத்ததனால் மட்டும் அவருடைய நம்பிக்கை மெய்யாயிற்று என்று நாம் கற்பித்தல் தகாது. அவ்வாறாயின் மாண்ட 15 பேரைப் பற்றி என்ன சொல்வது? வலிக்கு நடுவிலும் அவர் வெறுப்புக்கு இடங்கொடுக்கவில்லை. அவர் கண்ட அடைக்கலம் அதுவே என்பது என் எண்ணம்.

எச்சமயத்தைச் சார்ந்த பிள்ளைகளாயினும், ஒரு நாள் அவர்களை அங்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த வெண்சுவர்களை எழுப்பியவர்கள் யார் என்பதையும் மறவாமல் கூறுங்கள்.