காட்டும் கதிர், உடைக்கும் கதிர்

சரவணம்பட்டியில் பல்வலிக்குப் படம் எடுக்கச் செல்பவருக்கும் எக்ஸ் கதிர் என்பது உள்ளிருப்பதைக் காட்டும் கதிர்தான். தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றிலும் அது அவ்வாறே இடம்பெற்றிருக்கிறது. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் புரதத்தின் முப்புரி வடிவை வகுக்க உதவியது அக்கதிரே. ஆனால் காட்டும் கதிரே உடைக்கவும் செய்கிறது. அந்த வரலாற்றை நாம் அதிகம் பேசியதில்லை.

எக்ஸ் கதிர் பெரும்பாலும் அணுக்கருவை ஒட்டிய எலக்ட்ரானையே பெயர்த்தெறிகிறது. அவ்வெற்றிடத்தில் வெளிச்சுற்று எலக்ட்ரான் ஒன்று வந்து விழுகிறது; மிஞ்சும் ஆற்றல் இன்னோர் எலக்ட்ரானை வெளியே துரத்துகிறது. 1920களின் தொடக்கத்தில் லீசே மைட்னரும் பியர் ஓஜேயும் தனித்தனியே கண்ட விளைவு இது. அணுக்களைப் பிணைத்து வைப்பவை எலக்ட்ரான்களே. அவை குறையக் குறைய, நேர்மின்னேற்றம் பெற்ற அணுக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, மூலக்கூறு சிதறுகிறது.

இச்சிதறலைத் தெளிவாக அறியச் சிறு மூலக்கூறுகளே ஏற்றவை; துண்டுகள் சில என்பதால் ஒவ்வொன்றையும் கணக்கில் கொள்ளலாம். 1966இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் கார்ல்சனும் ஒயிட்டும் எடுத்துக்கொண்ட மெத்தில் அயோடைடில் ஐந்தே அணுக்கள். அதே மூலக்கூறின்மீது ஸ்டான்ஃபோர்டின் எக்ஸ் கதிர் லேசர் பாய்ச்சப்பட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பகுத்தால் அதில் ஏறத்தாழ மூன்று பங்கு நேரம். அதற்குள் 62 எலக்ட்ரான்களில் 54 வரை பறிபோயின. தன்னுடையவற்றை இழந்த அயோடின், அண்டை அணுக்களின் எலக்ட்ரான்களையும் இழுத்து, அவற்றையும் இழந்தது.

இந்த உடைவு வெறும் ஆய்வக வேடிக்கையன்று. உயிரணுவில் புரதம் தொகுக்கும் ரைபோசோமின் படிகங்களும் எக்ஸ் கதிர் பட்டுச் சிதைந்தன. 1980களில் ஆடா யோனத் அவற்றைக் கடுங்குளிரில் உறையவைத்துச் சிதைவைத் தாமதப்படுத்தினார். உறைகுளிர் முறை துணைநிற்க ரைபோசோமின் வடிவம் துலங்கியது. யோனத்தும், தாமஸ் ஸ்டைட்சும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கோவை மருத்துவமனைகளில் புற்றுக்கட்டிக்குக் கதிர்சிகிச்சை பெறுவோருக்கோ உடைவே மருந்து, உயிரணுவின் டி.என்.ஏ. இழையை அறுப்பதே அங்குக் கதிரின் பணி. கதிர் காட்டியதை மட்டும் எழுதிவைத்தால் நம் வரலாறு பாதியே ஆகும்.