நாவின் கீழ் ஒரு தவளை

நம் வாயில் உமிழ்நீர் ஊறுவதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது வழி தவறித் தேங்கும்போதுதான் எண்ணுகிறோம். சிலருக்கு நாவின் அடியில், ஒரு பக்கமாக, நீலம் பாரித்த நீர்க்கட்டி ஒன்று தோன்றும். வலி பெரும்பாலும் இராது. ஆனால் கட்டி பெருத்தால் நா மேலெழும்பும், பேச்சுக் குழறும், விழுங்குவதற்கும் தடையாகும். தவளையின் வயிற்றை நினைவூட்டும் இக்கட்டிக்குக் கிரேக்க மருத்துவர் தவளையின் பெயரையே இட்டனர். லத்தீன் மொழியில் 'சிறு தவளை' என்று பொருள்படும் 'ரானுலா' என்னும் சொல் இன்றும் மருத்துவ நூல்களில் வழங்கி வருகிறது. பெயர் எளிதில் கிடைத்தது. காரணமோ பல நூற்றாண்டுகள் கைக்கு எட்டவில்லை. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

நம் நாட்டின் பண்டைய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, நாவின் நோய்களுள் 'உபஜிஹ்விகா' என்ற ஒன்றைக் கூறுகிறது. நாவை மேலே தள்ளிக்கொண்டு, நாநுனியைப் போன்ற வீக்கம் எழும். எச்சில் மிகுந்து ஊறும் என்பது அதன் விளக்கம். வீக்கத்தைச் சுரண்டிக் காரம் தடவுக என்பது அதற்குரிய சிகிச்சை. இதுவே இன்றைய ரானுலா என்று நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும் நாவின் கீழ் எழும் வீக்கத்தை நம் முன்னோர் தனி நோயாகக் கண்டு கவனித்தனர் என்பது தெளிவு.

ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ், கட்டி சிறிதாயின் ஒருமுறை கீறினால் போதும் என்றார். பெரிதாயின் அதனைச் சூழ்ந்த உறையையும் பிரித்தெடுக்க வேண்டும், பெரிய இரத்தக்குழாய் எதுவும் அறுபடலாகாது என்று எச்சரித்தார். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இரண வைத்தியரான அம்புருவாஸ் பாரே, மூளையிலிருந்து இறங்கும் குளிர்ந்த கபமே இக்கட்டிக்குக் காரணம் என நம்பினார். கத்தியால் கீறினால் கட்டி மீண்டும் வந்துவிடுகிறது என்று கண்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுத் திறந்தார். அவர் கூறிய காரணம் பிழை. கண்ட உண்மையோ சரி. கட்டி திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த நூற்றாண்டில் உடற்கூற்று அறிஞர் உமிழ்நீரின் வழிகளைத் தேடிக் கண்டனர். தாடையின் கீழுள்ள சுரப்பியின் நாளத்தை இங்கிலாந்தின் தாமஸ் வார்ட்டன் 1656-இல் விவரித்தார். நாவின் கீழுள்ள சுரப்பியின் நுண்ணிய நாளங்களை ஜெர்மனியின் ரிவைனஸ் 1679-இல் விவரித்தார். இவ்வறிவு ஒரு புதிய மயக்கத்தையும் கொண்டு வந்தது. வார்ட்டன் நாளம் அடைபட்டு உப்புவதே ரானுலா என்று பலர் கருதினர்.

அம்மயக்கம் தெளியச் சோதனை வேண்டியிருந்தது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எஸ். என். பாஸ்கர், தம் துணைவர் இருவருடன் சுண்டெலிகளில் ஆய்வு நடத்தி 1956-இல் வெளியிட்டார். நாளத்தைக் கட்டி அடைத்தால் சுரப்பி நலிந்தது. இத்தகைய கட்டி எழவில்லை. நாளத்தை வெட்டியபோதோ உமிழ்நீர் திசுக்களில் கசிந்து தேங்கிக் கட்டியாயிற்று. ஆகவே இது பெரும்பாலும் அடைப்பன்று, கசிவு என்பது புலனாயிற்று. நாவின் கீழுள்ள சுரப்பி, உணவு வந்தாலும் வராவிட்டாலும் ஓயாமல் சுரப்பது. ஊற்று இருக்கும்வரை குட்டையை இறைத்து என்ன பயன்?

இதை உணர்ந்து, 1969-இல் அமெரிக்க மருத்துவர் மூவர், கசியும் சுரப்பியையே அகற்றுவதைச் சிகிச்சையாக எடுத்துரைத்தனர். சீனாவின் ஊகான் நகர மருத்துவர் 580 ரானுலாக்களை ஆராய்ந்து 2004-இல் தந்த கணக்கு இதை உறுதி செய்கிறது. கட்டியின் மேற்புறத்தைத் திறந்து விட்டவர்களுள் 66.67 சதவிகிதத்தினருக்கும், கட்டியை மட்டும் எடுத்தவர்களுள் 57.69 சதவிகிதத்தினருக்கும் அது மீண்டும் வந்தது. சுரப்பியை எடுத்தவர்களுள் அவ்வாறு நேர்ந்தது 1.20 சதவிகிதத்தினருக்கே.

இன்று இந்நோயை அறிவது பெரும்பாலும் கண்ணாலும் கையாலும்தான். நடுக்கோட்டில் எழும் தோற்கட்டி, நாளத்தில் சிக்கிய கல், கொழுப்புக்கட்டி ஆகியவற்றிலிருந்து இதனைப் பிரித்தறிய வேண்டும். சிலபோது உமிழ்நீர் வாயின் அடித்தசையிலுள்ள இடைவெளி வழியே இறங்கிக் கழுத்தில் வீக்கமாகும். அப்போது வாயில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அல்ட்ராசவுண்டு, எம்.ஆர்.ஐ. ஆகிய ஸ்கேன்கள் அங்கே கைகொடுக்கும். கட்டியிலுள்ள நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தால், உமிழ்நீருக்குரிய அமிலேஸ் என்னும் நொதி மிகுந்திருக்கக் காணலாம்.

சுரப்பியை எடுப்பது வாயின் உள்வழியாகவே இயலும். எனினும் எளிய வேலையன்று. நாவுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் வார்ட்டன் நாளமும் அருகிலேயே செல்கின்றன. தேர்ந்த கை வேண்டும். கைக்குழந்தைகளுக்குச் சில கட்டிகள் தாமே மறைவதும் உண்டு. மூச்சுக்கும் பாலுண்பதற்கும் இடையூறு இல்லையாயின், மருத்துவர் சில மாதங்கள் பொறுத்திருந்து பார்ப்பர்.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, பிறமொழி பேசும் மருத்துவரிடம் நோயை விளக்குவது சில வேளை மலைப்பாகத் தோன்றும். அந்தத் தயக்கத்தால் வீட்டிலேயே ஊசியால் குத்தி நீரை வடித்துவிடலாகாது. நீர் வடிந்தால் நோய் தீர்ந்ததுபோல் தோன்றும். சில நாட்களில் கட்டி மீண்டும் நிறையும். சீழ் பிடிக்கவும் கூடும். மருத்துவரிடம் சென்று நாவை உயர்த்திக் காட்டினாலே பாதி விளக்கியாயிற்று. பிறகு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கட்டியை மட்டும் திறக்கப் போகிறீர்களா, சுரப்பியையும் எடுக்கப் போகிறீர்களா? பல நூற்றாண்டு அனுபவத்தின் சாரம் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.